‘நாளை’ என்ற சொல்லும் ஏழு அடுக்குகளும்



கொஞ்சம் நீளமான பதிவு. நடுவில் கணினிப் பாடம் வரும், விமானம் வரும். பயந்து விட்டுவிட வேண்டாம். கடைசியில் நம் மஹல்லா வட்ஸ்அப் குழுமங்களை நடத்துபவர்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. அந்தக் கோரிக்கை ஏன் என்று விளங்க வேண்டுமானால் முதலில் இருந்தே சொல்ல வேண்டும்.

உயர்தர வகுப்புக்கு ஐ.சி.ரி. படிப்பிக்கும் எங்களிடம் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘சேர், ஓ.எஸ்.ஐ. மாதிரியில ஏழு அடுக்கு எண்டு பாடமாக்கச் சொல்றீங்க. ஆனா இன்டர்நெட் ஓடுறது ரி.சி.பி./ஐ.பி.யில. அப்ப இந்த ஏழும் எங்க இருக்கு?’

நல்ல கேள்வி. கல்வியியல் கல்லூரியில் நாங்களும் அந்த ஏழையும் பாட்டுப் போல ஒப்புவித்தவர்கள்தான். பௌதிக அடுக்கு, தரவு இணைப்பு அடுக்கு, வலையமைப்பு அடுக்கு, போக்குவரத்து அடுக்கு, அமர்வு அடுக்கு, முன்வைப்பு அடுக்கு, பிரயோக அடுக்கு. 1984இல் சர்வதேச நியமமாக வெளிவந்தது. ஆனால் அதற்கு முந்திய வருடமே, 1983 ஜனவரி 1ஆம் திகதி, அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையமைப்பு ரி.சி.பி./ஐ.பி.க்கு மாறிவிட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நம் கையிலிருக்கும் இன்டர்நெட். ஏழு அடுக்கு புத்தகத்தில் நின்றது, நான்கு அடுக்கு உலகத்தை ஆண்டது. இதுதான் நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்.

அந்தப் பதில் முழுமையானதல்ல. ஏழு அடுக்கும் இன்றும் வேலை செய்யும் ஓர் இடம் இருக்கிறது. அதுவும் நம் ஊரில் ஒவ்வொரு வீட்டோடும் சம்பந்தப்பட்ட இடம். சவூதிக்கோ, கட்டாருக்கோ, குவைத்துக்கோ ஆள் போகாத வீடு நம் ஊரில் எத்தனை? உம்ராவுக்குப் போகாத குடும்பம் எத்தனை? அந்த விமானங்கள் கட்டுநாயக்கவிலிருந்து மேலெழுவதற்கு முன்னரே ஒரு செய்தி அவற்றுக்கு முந்திப் போய்ச் சேர்ந்திருக்கும்.

எங்களிடம் படித்த தம்பி ஒருவர் இப்போது வளைகுடா நாடொன்றில் விமானப் போக்குவரத்துக்கான செய்தி முறைமைகளைப் பொருத்தும் வேலை செய்கிறார். விடுமுறையில் வந்திருந்தவரைப் பிடித்து ஒருநாள் வகுப்புக்குக் கூட்டிவந்தோம். அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டியதையும், பிறகு நாங்கள் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

ஒரு விமானம் புறப்பட முன்னர் அதன் பறப்புத் திட்டம் வழியிலுள்ள ஒவ்வொரு வான் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும், போய் இறங்கும் விமான நிலையத்துக்கும் எழுத்தில் அனுப்பப்பட வேண்டும். என்ன விமானம், எத்தனை மணிக்கு, எந்தப் பாதை, எந்த உயரம், எவ்வளவு எரிபொருள் என்றெல்லாம் அதில் இருக்கும். இதற்காகவே விமான உலகத்துக்கென்று தனியான ஒரு செய்தி வலையமைப்பு இருக்கிறது. பழையது தந்திப் பொறி காலத்தில் பிறந்தது. அதன் பெயர் ஏ.எப்.ரி.என். ஒரு வரியில் 69 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு செய்தியில் 1800 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் சட்டம். அதற்குப் பதிலாக இப்போது நாடு நாடாக வந்துகொண்டிருப்பது ஏ.எம்.எச்.எஸ். இது எக்ஸ்.400 என்ற நியமத்தில் கட்டப்பட்டது. எக்ஸ்.400 முதலில் வந்ததும் 1984இல், ஏழு அடுக்கு வந்த அதே வருடம். 1988இல் திருத்தி விரிவாக்கினார்கள். மின்னஞ்சல் என்றால் இதுதான் உலகம் முழுக்க வரப்போகிறது என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். பொதுமக்களிடம் அது வரவில்லை. ஆனால் ஒரு செய்தி தொலைந்தால் உயிர் போகும் என்ற இடத்தில் அது தங்கிவிட்டது.

பிள்ளைகள் முதலில் கேட்டது முகவரியைப் பற்றி.

விமான உலகத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு எழுத்து உண்டு. கட்டுநாயக்க என்றால் வீ.சி.பி.ஐ. முதல் எழுத்து வீ நம் பிராந்தியம், இரண்டாவது சி இலங்கை. மத்தள வீ.சி.ஆர்.ஐ., இரத்மலான வீ.சி.சி.சி. சென்னை வீ.ஓ.எம்.எம். ஜித்தா ஓ.ஈ.ஜே.என்., மதீனா ஓ.ஈ.எம்.ஏ. அந்த நான்குக்குப் பின்னால் இன்னும் நான்கு எழுத்து சேரும். அது அந்த இடத்தில் யாருக்கு என்பதைச் சொல்லும். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு ஒன்று, வானிலை அலுவலகத்துக்கு ஒன்று, செய்தி நிலையத்துக்கு ஒன்று. ஆக எட்டு எழுத்து. உலகத்தின் எந்த மூலையிலிருந்து எழுதினாலும் அந்த எட்டு எழுத்து ஓர் இடத்தை மட்டுமே குறிக்கும்.

புதிய முறைமையில் முகவரி இன்னும் விரிவானது. நாம் தபாலுக்கு எழுதும் முகவரியைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படியோ அப்படி. முதலில் நாடு, பிறகு நிர்வாகப் பகுதி, அதற்குள் தனியார் பகுதி, அதற்குள் நிறுவனம், அதற்குள் பிரிவு, கடைசியில் ஆள். விமானத்துறை எந்தவொரு நாட்டுக்கும் சொந்தமல்ல என்பதால் நாடு என்ற இடத்தில் எக்ஸ் எக்ஸ் என்று இரண்டு எழுத்தைப் போட்டு, நிர்வாகப் பகுதியில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பெயரைப் போடுகிறார்கள். அதாவது ஐகாவோ. பழைய எட்டு எழுத்தையும் தூக்கியெறியவில்லை. அதைப் புதிய முகவரிக்குள் ஒரு பகுதியாக வைத்துவிட்டார்கள். அதனால் இன்னும் மாறாத நாட்டுக்கும் செய்தி போகும். நடுவில் ஒரு கேட்வே நின்று இரண்டையும் மாற்றிக் கொடுக்கும்.

அடுத்தது, செய்தி எப்படிக் கைமாறுகிறது? இதை விளங்கப்படுத்த அந்தத் தம்பி தபால் கந்தோரைத்தான் எடுத்தார். கடிதம் எழுதுபவர் ஒரு பக்கம். அவருடைய ஊர்த் தபால் கந்தோர் அடுத்தது. அங்கிருந்து இன்னொரு தபால் கந்தோர். கடைசியில் வாங்குபவரின் தபால் பெட்டி. எக்ஸ்.400இல் தபால் கந்தோருக்குப் பெயர் எம்.ரி.ஏ. கந்தோரும் கந்தோரும் பேசும் ஒழுங்கு பீ1. எழுதுபவர் கந்தோரோடு பேசும் ஒழுங்கு பீ3. பெட்டியைத் திறந்து எடுக்கும் ஒழுங்கு பீ7. உறைக்குள்ளிருக்கும் கடிதத்தின் அமைப்புக்கு வேறு ஒழுங்கு. 1984இல் அது பீ2, 1988க்குப் பிறகு பீ22. உறை வேறு, உள்ளே இருப்பது வேறு என்பதை இவ்வளவு கண்டிப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தபால்காரர் உறையைப் பார்த்தால் போதும், கடிதத்தை வாசிக்கத் தேவையில்லை.

இனி அவருடைய வேலைக்கு வருவோம். இரண்டு நாட்டு எம்.ரி.ஏ.க்களை இணைக்க வேண்டும் என்றால் கீழிருந்து மேலே ஒவ்வொரு அடுக்காகச் சரிசெய்துகொண்டு போக வேண்டும். முதலில் வயர். பிறகு ஐ.பி. முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே. இதெல்லாம் எங்கள் பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் செய்து பழகியவைதான். அடுத்தது ரி.சி.பி. போர்ட் 102. இந்த இடத்தில்தான் இரண்டு உலகமும் கைகொடுக்கின்றன. 1987இல் வந்த ஆர்.எப்.சி. 1006 என்ற ஆவணம், ஓ.எஸ்.ஐ.யின் போக்குவரத்து அடுக்கை ரி.சி.பி.யின் முதுகில் ஏற்றி அனுப்பும் வழியைச் சொன்னது. ஒவ்வொரு பொதிக்கும் முன்னால் நான்கு பைட் தலைப்பு. அதில் கடைசி இரண்டு பைட், பொதி எவ்வளவு நீளம் என்று சொல்லும். அவ்வளவுதான் பாலம். கீழே இன்டர்நெட்டின் அடுக்குகள், மேலே ஓ.எஸ்.ஐ.யின் அடுக்குகள்.

பாலத்தைத் தாண்டிய பிறகும் வேலை முடியாது. போக்குவரத்து அடுக்குக்கு ஒரு செலெக்டர், அமர்வு அடுக்குக்கு ஒரு செலெக்டர், முன்வைப்பு அடுக்குக்கு ஒரு செலெக்டர். வீட்டிலக்கம் கண்டுபிடித்த பிறகு எந்த மாடி, எந்த அறை என்று கேட்பது போல. இவை மூன்றும் இரண்டு பக்கத்திலும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எம்.ரி.ஏ. தன் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லும். எதிர்ப்பக்கம் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால்தான் உள்ளே விடும். ஸலாம் சொல்லி, பெயர் சொல்லி, அனுமதி கிடைத்த பிறகு வீட்டுக்குள் போகச் சொன்ன மார்க்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த அதிக நேரம் எடுக்கவில்லை.

ஒரு தடவை இரண்டு நாள் இரவுபகலாக ஓர் இணைப்பு வரவில்லையாம். பிங் போகிறது. போர்ட் 102 திறக்கிறது. பயர்வோலில் தடையில்லை. ஆனால் இணைப்பு உடனே அறுந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தவர்கள் ‘உங்கட பக்கம்தான் பிழை’ என்கிறார்கள். அந்தப் பக்கத்தவர்கள் ‘எங்களுக்கு எல்லாம் சரி, உங்கட பக்கத்தைப் பாருங்க’ என்கிறார்கள். மின்னஞ்சலில் குரல் உயர்கிறது. கடைசியில் கண்டுபிடித்தது இதுதான். போக்குவரத்து செலெக்டரை இந்தப் பக்கம் எம்.ரி.ஏ. என்று மூன்று எழுத்தாக எழுதியிருந்தார்கள். அதே மூன்று எழுத்தைப் பதினாறடி எண்ணில் எழுதினால் 4டி 54 41. அந்தப் பக்கம் இந்த எண்ணைத் தட்டியவர், எண்ணாகத் தட்ட வேண்டிய பெட்டியில் தட்டாமல் எழுத்துக்கான பெட்டியில் தட்டிவிட்டார். முறைமை அதை ஆறு எழுத்துள்ள ஒரு பெயராக எடுத்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். ஆனால் ஒருவர் சொன்னது மற்றவருக்கு வேறாக விளங்கியது.

‘சேர், ஏழு அடுக்கால என்ன பிரயோசனம் எண்டு கேட்டா, இதுதான் பிரயோசனம்’ என்றார் அந்தத் தம்பி. ‘யாருல பிழை எண்டு சண்டை பிடிக்கிறத விட்டுட்டு, எந்த அடுக்குல பிழை எண்டு தேடலாம்.’

இந்த வசனத்தை நாங்கள் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தோம். அது ஒரு மாதம் அழியாமல் கிடந்தது.

வேறு சில விசயங்களும் சொன்னார். அவைதான் பிறகு நமக்கு வேலைக்கு வந்தவை.

ஒன்று, முன்னுரிமை. ஒவ்வொரு செய்தியின் தலையிலும் இரண்டு எழுத்து இருக்கும். எஸ்.எஸ். என்றால் உயிராபத்து. அடுத்தது டி.டி., எப்.எப். பறப்புத் திட்டம் எப்.எப்.இல் போகும். வானிலை அறிக்கை ஜி.ஜி. நிர்வாகக் கடிதங்கள் கே.கே. எஸ்.எஸ். வந்தால் மற்றதெல்லாம் ஒதுங்கி வழிவிட வேண்டும். அதைப் பெற்றவர், பெற்றுக்கொண்டேன் என்று தானே பதில் அனுப்ப வேண்டும். இயந்திரம் வாங்கியது போதாது, மனிதர் பார்த்தார் என்பது உறுதியாக வேண்டும்.

இரண்டு, நேரம். ஒவ்வொரு செய்தியிலும் அது எழுதப்பட்ட நாளும் நேரமும் ஆறு இலக்கத்தில் இருக்கும். முதல் இரண்டு திகதி, அடுத்த நான்கு மணியும் நிமிடமும். அதுவும் உள்ளூர் நேரத்தில் அல்ல, உலகப் பொது நேரத்தில். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் கழித்தது. அந்தச் செய்தி எத்தனை நிலையங்கள் தாண்டினாலும் அந்த ஆறு இலக்கம் மாறாது. கீழே எழுதியவரின் எட்டு எழுத்தும் மாறாது.

மூன்று, வரிசை இலக்கம். பழைய முறைமையில் ஒவ்வொரு வழியிலும் போகும் செய்திக்கு 001 இலிருந்து இலக்கம் ஓடும். 046 வந்த பிறகு 048 வந்தால், நடுவில் ஒன்று காணாமல் போய்விட்டது என்று பெறுபவரே கேட்பார். அனுப்பியவர் தன் பிரதியை 30 நாளாவது வைத்திருக்க வேண்டும்.

நான்கு, அறிக்கை. புதிய முறைமையில் செய்தி போய்ச் சேராவிட்டால், சேரவில்லை என்ற அறிக்கை காரணத்தோடு அனுப்பியவருக்குத் திரும்பி வரும். பெட்டியில் போட்டாயிற்று என்ற அறிக்கை ஒன்று. ஆள் எடுத்துப் பார்த்தார் என்ற அறிவித்தல் வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பமாட்டார்கள். அதோடு, கடந்து வந்த ஒவ்வொரு பகுதியும் உறையில் தன் பெயரையும் நேரத்தையும் குறித்துவிடும். யார் கையிலிருந்து யார் கைக்கு என்ற தடம் அதில் இருக்கும்.

இதைச் சொன்னபோது இஸ்லாம் பாடமும் படிக்கும் ஒரு பிள்ளை எழும்பி, ‘இது ஸனத் மாதிரி இருக்கே சேர்’ என்றாள். எங்களுக்கு அது தோன்றவேயில்லை. ஹதீஸ் கலையில் சொல்லப்பட்ட வாசகம் மத்ன். யார் யாரிடம் கேட்டு யார் அறிவித்தார் என்ற சங்கிலி ஸனத். சங்கிலியில் ஒரு கண்ணி தெரியாவிட்டால் வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அறிஞர்கள் நின்று யோசிப்பார்கள். உறையையும் உள்ளடக்கத்தையும் பிரித்து, உறையை முதலில் பரிசோதித்த உம்மத் இது. கணினி வருவதற்கு ஆயிரம் வருடங்களுக்கு மேல் முன்னால்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இதை எழுதச் சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். பெயர் எழுதவில்லை, ஊகிக்கவும் வேண்டாம்.

எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் வாப்பா சில மாதங்களுக்கு முன் வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஒரு புதன்கிழமை இரவு. ஆசிரியரின் தம்பி இரவு 10.40க்கு குடும்பக் குழுமத்தில் எழுதினார்: வாப்பா வபாத், ஜனாஸா நல்லடக்கம் நாளை அஸருக்குப் பின். வாப்பாவின் ஒரே தங்கை, அதாவது ஆசிரியரின் மாமி, புத்தளம் பக்கம் இருக்கிறார். அவர் வீட்டில் யாரும் அந்தக் குழுமத்தில் இல்லை. ஒரு மச்சான் அந்தச் செய்தியை மாமியின் மகனுக்கு நள்ளிரவு 12.15க்கு அனுப்பினார். ஸுபஹுக்குப் பிறகு நீல டிக் விழுந்தது. ‘அனுப்பிட்டன், பாத்துட்டாங்க’ என்று மச்சான் சொன்னார். எல்லோரும் நிம்மதியானார்கள்.

மாமியின் மகன் வியாழன் காலை செய்தியைப் பார்த்தார். செய்திக்குக் கீழே நேரம் வியாழன் 12.15. எழுதியிருப்பது ‘நாளை’. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை. கட்டாரில் இருக்கும் மூத்த மகன் வந்துசேரும்வரை வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்தார்கள். இரண்டு தடவை அழைத்தார்கள், மையித்து வீட்டுச் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை. மாமிக்கு முழங்கால் வருத்தம். பகலில் அவ்வளவு தூரம் கஷ்டம், இரவு பஸ்ஸில் போவோம் என்று முடிவெடுத்தார்கள். வெள்ளி ஸுபஹோடு வந்து இறங்கினார்கள். நல்லடக்கம் முந்திய நாள் அஸருக்கே முடிந்துவிட்டது. காலையிலேயே வெளிக்கிட்டிருந்தால் காக்காவின் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

மாமி அந்த வாசலில் நின்று சொன்ன வார்த்தையை எழுத எங்களுக்கு மனமில்லை. பழைய காணிப் பிரச்சினை ஒன்று அந்தக் குடும்பத்தில் இருந்தது. அதை மனதில் வைத்து வேண்டுமென்றே நாளைத் தள்ளிச் சொன்னார்கள் என்று மாமி நம்பினார். இவர்களோ, நீல டிக் விழுந்தும் வரவில்லை, மாமிதான் வராமல் விட்டுவிட்டு இப்போது பழி போடுகிறார் என்று நம்பினார்கள். மாமி அன்றே திரும்பிப் போனார். பேச்சுவார்த்தை நின்றது.

வாரங்கள் கழிந்து, அந்தத் தம்பி வகுப்புக்கு வந்து போன பின்னர், ஆசிரியர் ஒருநாள் ஓய்வறையில் எங்களிடம் தொலைபேசியைத் தந்தார். ‘எந்த அடுக்குல பிழை எண்டு பாருங்க’ என்றார். பகிடியாகச் சொன்ன மாதிரி இருந்தது, ஆனால் முகத்தில் பகிடி இல்லை.

நாங்கள் ஒரு தாளில் கீழிருந்து எழுதிக்கொண்டு வந்தோம். தொலைபேசி வேலை செய்தது. சிக்னல் இருந்தது. சரியான இலக்கத்துக்குத்தான் போனது. சரியான ஆள்தான் திறந்தார். வாசிக்கக் கூடிய தமிழ். அனுப்பியவர் அனுப்பினார், பெற்றவர் பெற்றார். கீழே எல்லா அடுக்கும் சரி. பிழை மேலே, அந்த ஒரு சொல்லில் இருந்தது. ‘நாளை’ என்பது எழுதியவரின் கடிகாரத்தில் வியாழன். நள்ளிரவைத் தாண்டியதும் வாசித்தவரின் கடிகாரத்தில் அது வெள்ளி ஆகிவிட்டது. வட்ஸ்அப்பில் ஒரு செய்தியை மற்றவருக்குத் தட்டிவிட்டால் அது தட்டிவிட்ட நேரத்தைத்தான் காட்டும், முதலில் எழுதப்பட்ட நேரத்தைக் காட்டாது. முதலில் எழுதியவர் யார் என்பதையும் காட்டாது. அதே செய்தி விமான வலையமைப்பில் போயிருந்தால், அது புதன்கிழமை 14ஆம் திகதியாக இருந்தால், தலையில் 141710 என்று நின்றிருக்கும். எத்தனை கை மாறினாலும் 141710தான். நாளை என்றால் எந்த நாளை என்று யாரும் தடுமாறியிருக்க மாட்டார்கள்.

நீல டிக்கைப் பற்றியும் எழுதினோம். அது திரையில் திறந்தார்கள் என்பதை மட்டும்தான் சொல்கிறது. விளங்கிக்கொண்டார்கள் என்று சொல்லவில்லை. எஸ்.எஸ். செய்திக்கு மனிதர் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் வைத்தவர்கள் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

ஆசிரியர் அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அன்றிரவே குடும்பக் குழுமத்தில் 10.40க்கு எழுதிய மூலச் செய்தியைப் படமெடுத்து மாமியின் மகனுக்கு அனுப்பி, பிறகு மாமியை அழைத்துப் பேசினார். மாமி நீண்ட நேரம் அழுதாராம். மனம் முழுதாக ஆறியதா என்பதை அல்லாஹ் அறிவான். ஆனால் போன பெருநாளைக்கு வந்து, காக்காவின் கப்ரடியில் நின்று துஆச் செய்துவிட்டுப் போனார். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை என்பதை இரண்டு வீடும் ஏற்றுக்கொண்டன. பார்க்காமல் போன முகத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

உறவுகளே, இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. போன மாதம் நம் குழுமங்களில் சுற்றிய இரத்தம் தேவை என்ற செய்தியை நினைத்துப் பாருங்கள். ‘அவசரம், இன்று மாலை சத்திரசிகிச்சை’ என்றிருந்தது. எந்த இன்று? அழைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய் நாளாகிவிட்டது என்று தெரிந்தது. அடுத்த தடவை உண்மையாகவே தேவை வரும்போது யார் அழைப்பார்கள்? டியூஷன் விளம்பரமும், காஸ் வந்திருக்கிறது என்ற செய்தியும், ஜனாஸா அறிவித்தலும் ஒரே குழுமத்தில் ஒரே சத்தத்தோடு வருகின்றன. எல்லாவற்றுக்கும் தலையில் ‘அவசரம்’ என்று போட்டால் அந்தச் சொல்லுக்கு இனி என்ன பெறுமதி? செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்லும் சூரா ஹுஜுராத்தை ஓதுகிற நாம், தெளிவுபடுத்திக்கொள்ள முடியாத செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளிடமும், ஜனாஸா நலன்புரிச் சங்கங்களிடமும், குழும நிர்வாகிகளிடமும் எங்கள் கோரிக்கை இது. ஜனாஸா அறிவித்தல் ஒவ்வொன்றிலும் இந்த ஆறும் கட்டாயம் இருக்கட்டும்.

1. வபாத்தானவர் யார் என்பது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். முழுப் பெயர், வீதி, யாருடைய வாப்பா, யாருடைய உம்மா என்பது. ஒரே பெயரில் ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

2. ‘இன்று’, ‘நாளை’ என்ற சொல் தனியாக வேண்டாம். கிழமையும் திகதியும் எழுதுங்கள்.

3. தொழுகையின் பெயரோடு கடிகார நேரத்தையும் எழுதுங்கள். அஸர் ஜமாஅத் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். வெளியூரிலிருந்து வருபவருக்கு நம் பள்ளி நேரம் தெரியாது.

4. தொழுகை எந்தப் பள்ளி, நல்லடக்கம் எந்த மையவாடி, எந்த ஊர். ‘ஜும்ஆப் பள்ளி’ என்று மட்டும் எழுதினால் பக்கத்து ஊரிலும் ஒரு ஜும்ஆப் பள்ளி இருக்கிறது.

5. கடைசி வரியில் எழுதியவர் யார், எழுதிய திகதி, நேரம், அழைத்தால் எடுக்கக்கூடிய ஒருவரின் இலக்கம். அந்த ஒருவர் மையித்து வீட்டுக்குள் ஓடித் திரிபவராக இருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.

6. மற்றவர்களுக்கு அனுப்பும்போது அந்தக் கடைசி வரியை வெட்ட வேண்டாம். அதுதான் செய்தியின் ஸனத்.

நெருங்கிய உறவுகளுக்கு இது போதாது. சகோதரன், சகோதரி, வெளிநாட்டிலுள்ள பிள்ளை, இவர்களுக்கு எழுத்துச் செய்தி அனுப்பியதோடு கடமை முடிந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். ஒரு சிறு பட்டியல் எழுதி, ஒருவர் பொறுப்பெடுத்து, ஒவ்வொருவரையும் அழைத்து, அவர்கள் வாயால் நாளையும் நேரத்தையும் திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகு பெயருக்கு நேரே கோடு போடட்டும். கிடைக்காதவர் யார் என்று வீட்டுப் பெரியவரிடம் திரும்பி வந்து சொல்லட்டும். எத்தனை வருட மனத்தாங்கல் இருந்தாலும் அந்தப் பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்கட்டும்.

எங்கள் உயர்தரப் பிள்ளைகள் இதற்காக ஒரு படிவம் செய்திருக்கிறார்கள். பெயரையும் திகதியையும் நிரப்பினால் அறிவித்தலை அதுவே எழுதித் தரும், எழுதிய நேரத்தையும் தானாகப் போடும். திகதி இல்லாமல் விட்டால் அனுப்ப விடாது. எந்தப் பள்ளிவாசலுக்குத் தேவையோ சொல்லுங்கள், பிள்ளைகளோடு வந்து தொலைபேசியில் போட்டுத் தருகிறோம். காசு எதுவும் வேண்டாம்.

இந்தப் பதிவைப் பகிர்வதானால் முழுதாகப் பகிருங்கள். கருத்துச் சொல்ல விரும்புபவர்கள், குறிப்பாக ஜனாஸாக்களுக்கு முன்னின்று வேலை செய்பவர்கள், இந்த ஆறில் எது நடைமுறைக்குச் சரிவராது, என்ன விடுபட்டிருக்கிறது என்று எழுதுங்கள். திருத்திக்கொள்வோம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் மரணித்த நம் உறவுகளின் கப்ருகளை விசாலமாக்குவானாக. ஆமீன்.